கிணற்றடி ரேடியோவுக்கு ஐந்து வரிகள்

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர். தோட்டக் கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் அந்த உவர் மேலேறிவிடும். ஆகவே நீர்மட்டத்தையும் உவரையும் கிணற்றடியிலேயே இருந்து அளக்கும் சென்சர்கள் நமக்குத் தேவை. சிறு பற்றரியில் நெடுநாள் ஓடும் 802.15.4 குறுந்தூர ரேடியோ அதற்குப் பொருந்தும். வீட்டிலுள்ள ராஸ்பெரி பை அதைக் கேட்க, லினக்ஸ் கேர்னலின் அமைப்புக் கோப்பில் இருக்கவேண்டிய வரிகளுக்கு இது உரை.

ஸ்பிஐ = ஒய்

ரேடியோ சிப்பும் செயலியும் பேசிக்கொள்ளும் கம்பிவழி இது. 'ஒய்' என்றால் கேர்னலோடு சேர்த்தே கட்டுவது. 'எம்' என்றால் வேண்டும்போது ஏற்றும் மொடியூல். இவ்வரி இல்லாவிட்டால் கடைசி வரியிலுள்ள டிரைவரின் பெயரே கேர்னல் அமைப்பு மெனுவில் தோன்றாது. தேடுபவர் தம் கேர்னலில் அது இல்லவே இல்லை என்று கைவிட்டுவிடுவார். மெனுவில் சாய்கோட்டை அழுத்திப் பெயரைத் தேடுங்கள். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும்.

ஐஇஇஇ802154 = எம்

2009இல் 2.6.31 பதிப்போடு கேர்னலுக்குள் வந்தது. மற்றவை நிற்பதற்கான தளம், அவ்வளவே.

மாக்802154 = எம்

அதிகம் தவறவிடப்படக்கூடிய வரி. மலிவான சிப்கள் பொதியைக் கட்டுதல், மறைகுறியாக்கல் போன்ற வேலைகளைக் கேர்னலிடமே விடுகின்றன. அவற்றைச் செய்வது இது. இதை விட்டாலும் டிரைவர் மறையும்.

ஐஇஇஇ802154_6லோபான் = எம்

எனக்கு மிகப் பிடித்த வரி. இந்த ரேடியோவின் ஒரு பொதி 127 பைட்தான். ஐபிவி6 குறைந்தது 1280 பைட் கேட்கிறது, தலைப்புக்கே 40 பைட். 2007இல் வெளிவந்த 6லோபான் தரம் தலைப்பைச் சுருக்கி, பெரிய பொதியைத் துண்டாக்கி, மறுமுனையில் சேர்க்கிறது. அதனால் ஒவ்வொரு கிணற்றுக்கும் தனி இணைய முகவரி கொடுக்கலாம். எந்த நிறுவனத்தின் பெட்டியும் இடையில் வேண்டாம். 6லோபான் என்ற பொது வரியையும் முன்னதாக இயக்கியிருக்க வேண்டும்.

ஐஇஇஇ802154_ஏடி86ஆர்எஃப்230 = எம்

212, 231, 233 சிப்களுக்கு உரிய டிரைவர் இதுவே. மொடியூல் ஏறியும் 'டபிள்யூபான்0' என்ற பிணைய இடைமுகம் தோன்றாவிட்டால் கேர்னலைத் திரும்பக் கட்டவேண்டாம். சிப் எந்தப் பின்களில் இருக்கிறது என்று பைக்கு இன்னும் சொல்லவில்லை; பூட் கோப்பில் ஏடி86ஆர்எஃப்233 ஓவர்லேயைச் சேர்க்க வேண்டும்.

தோட்டத்தின் இயல்பு எந்த வரியிலும் இல்லை. நீர்வேலி வாழைத்தோட்டங்களில் நீர் நிறைந்த இலைகள் இந்த ரேடியோவின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை உறிஞ்சும். அன்ரெனாவை இலைகளுக்கு மேலே உயர்த்துங்கள். அயல்வீட்டு வைஃபை 1, 6, 11ஆம் சனல்களில் இருந்தால், 802.15.4 ரேடியோவின் 26ஆம் சனல் அதற்கு அப்பால் நிற்கும். அதுவும் போதாதென்றால் குறைந்த அலைவரிசையில் இயங்கும் 212 சிப் உண்டு. வாங்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளைப் பாருங்கள்.