யூசுஃப் லத்தீஃப்: பெயரும் இசையும்

‘லத்தீஃப்’ என்னும் அரபுச் சொல் மென்மையையும் நுண்மையையும் ஒருங்கே குறிக்கும். அது அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் ஒன்று. சூரத்து யூசுஃபின் 100ஆம் வசனத்தில், துன்பங்கள் நீங்கிக் குடும்பத்தாருடன் ஒன்றுசேர்ந்த நபி யூசுஃப் (அலை) அவர்கள் தம் இறைவனை இத்திருநாமத்தைக் கூறியே போற்றுகின்றார்கள். இவ்விரு பெயர்களையும் இணைத்துத் தாங்கியவர் அமெரிக்காவின் சாக்ஸஃபோன் கலைஞரும் இசையமைப்பாளருமான யூசுஃப் லத்தீஃப். அவருடைய வரலாற்றை நாம் ஈண்டு நோக்குவோம்.

அவர் 1920ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் டென்னசி மாநிலத்தின் சட்டநூகா நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வில்லியம் இமானுவேல் ஹட்டில்ஸ்டன். குடும்பம் டெட்ராய்ட் நகரில் குடியேறிய பின், தந்தையார் குடும்பப் பெயரை ‘எவன்ஸ்’ என மாற்றினார். அடிமைப்பட்டுக் கிடந்த மக்களின் வழித்தோன்றல்களுக்குக் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் முன்னாள் எசமானர் விட்டுச் சென்ற சுவடேயாகும். ஆகவே, தமக்கெனத் தாமே ஒரு பெயரைத் தேர்வது அவர்களிடையே விடுதலையின் ஒரு பகுதியாயிற்று.

பதினெட்டாம் வயதில் சாக்ஸஃபோனைக் கையிலெடுத்த அவர், 1949இல் டிஸ்ஸி கில்லெஸ்பியின் இசைக்குழுவில் இடம்பெற்றார். 1950இல் டெட்ராய்ட் திரும்பி, வேய்ன் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பும் புல்லாங்குழலும் கற்றார். இக்காலத்தையொட்டியே அவர் அஹ்மதிய்யா இயக்கத்தின் வழியாக இஸ்லாத்தின்பால் வந்தார். முஃப்தி முஹம்மது ஸாதிக் 1920இல் அமெரிக்கா சென்றது முதல், அங்குள்ள கறுப்பின மக்கள் பலருக்கு அவ்வியக்கமே முதல் அறிமுக வாயிலாக இருந்தது. நபித்துவம் முற்றுப்பெற்றது குறித்து அவ்வியக்கத்தாருடன் நமக்குள்ள அடிப்படைக் கருத்து வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. அதன் பொருட்டு ஒரு மனிதரின் வரலாற்றை மறைக்க வேண்டியதும் இல்லை.

1957இல் பதிவான அவருடைய இசைத்தட்டுகளுள் ஒன்றின் தலைப்பு, ‘கிழக்கு நோக்கிய தொழுகை’ எனப் பொருள்படுவது. எகிப்தியரின் இரட்டைக் குழலான அர்கூல், இந்தியாவின் ஷெஹ்னாய், ஓபோ ஆகியவற்றை அவர் ஜாஸ் இசைக்குள் கொணர்ந்தார். 1961இல் பதிவான ‘ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்’ தொகுப்பில் சீனரின் களிமண் ஊதுகுழலும் ஒலிக்கின்றது. 1962 முதல் 1964 வரை கேனன்பால் ஆடர்லியின் அறுவர் குழுவில் இருந்து பெரும்புகழ் எய்தினார்.

புகழ் வந்த பின்னரும் அவர் மாணவராகவே வாழ்ந்தார் என்பது நம் மதரஸா மாணவர்கள் சிந்திக்கத்தக்கது. மன்ஹாட்டன் இசைப் பள்ளியில் 1969இல் இளங்கலைப் பட்டமும், 1970இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1975இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கல்வியியலில் முனைவர் பட்டம் வழங்கியது. ஆய்வுப் பொருள் இசையன்று. மேற்கத்தியக் கல்வியும் இஸ்லாமியக் கல்வியும் என்பதே. 1981 முதல் 1985 வரை, நைஜீரியாவின் ஸாரியா நகரிலுள்ள அஹ்மது பெல்லோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்தார்.

தம் பெயரை மாற்றிக் கொண்டவர் தம் இசையின் பெயரையும் ஏற்கவில்லை. ‘ஜாஸ்’ என்னும் சொல்லின் பொருள் தெளிவற்றது, இழிந்த வழக்குகளோடு கலந்தது என்று கருதி, அதை விலக்கினார். உடல், உள்ளம், ஆன்மா ஆகிய மூன்றினின்றும் எழும் இசை எனப் பொருள்படும் ‘ஆட்டோஃபிசியோசைக்கிக்’ என்னும் சொல்லைத் தாமே ஆக்கினார். எனினும் உலகம் அவரை அவர் விலக்கிய சொல்லாலேயே அழைத்து வந்தது. 1988இல் ‘லிட்டில் சிம்ஃபனி’க்குக் கிராமி விருது கிடைத்தபோது ‘புதுயுக இசை’ என்று மூன்றாவதாக ஒரு பெயர் வந்து சேர்ந்தது!

பெயரை விலக்குவது எளிது. பிழைப்பின் ஒரு பகுதியை விலக்குவதோ அரிது. மது பரிமாறப்படும் இடங்களில் இனி இசைப்பதில்லை என 1980களின் தொடக்கத்தில் அவர் முடிவு செய்தார். அவ்விசை வளர்ந்ததே இரவு விடுதிகளில்தான் என்பதை அறிந்தோர் இதன் விலையை உணர்வர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’வில் ‘ஸமாஉ’ பற்றி ஆராயுங்கால், சில இசைக்கருவிகள் விலக்கப்பட்டதற்கு அவை மது அருந்துவோர் அவைகளின் அடையாளமாயிருந்ததைக் காரணமாகக் காட்டுகின்றார்கள். இதைக் கொண்டு லத்தீஃபின் கலைக்கு ஃபத்வா வழங்க நாம் முற்படவில்லை; இசை பற்றிய மார்க்கச் சட்டம் அறிஞர்களிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவது. ஆனால், அவ்விமாம் சுட்டிய அந்த உறவை ஓர் அமெரிக்க இசைஞர் தம் வருவாயைப் பொருட்படுத்தாது அறுத்தெறிந்தார் என்பதை நாம் சொல்லியாக வேண்டும்.

2010இல் அமெரிக்கத் தேசியக் கலை அறக்கட்டளை அவருக்கு அளித்த சிறப்பின் பெயர் ‘ஜாஸ் மாஸ்டர்’. 2013 டிசம்பர் 23 அன்று மாசசூசெட்ஸின் ஷூட்ஸ்பரியில், 93ஆம் வயதில் அவர் காலமானார்.

நாம் நம் பிள்ளைகளுக்கு நற்பெயர்களைத் தேடித் தேடிச் சூட்டுகின்றோம். சூட்டிய பெயருக்கேற்ப வாழ்தல் எத்தகைய பொறுப்பு என்பதைப் பல வேளைகளில் மறந்துவிடுகின்றோம். தாமே தேர்ந்த பெயரை அறுபதாண்டுகளுக்கும் மேலாகச் சுமந்த இவருடைய வரலாறு அதை நமக்கு நினைவூட்டுகின்றது.