பண்டத்தரிப்புத் தோட்டத்தில் அழுத பிள்ளைகள்

1824ஆம் ஆண்டின் தொடக்க மாதங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பண்டத்தரிப்பு என்ற ஊர். அங்கிருந்த அமெரிக்க மிஷன் உறைவிடப் பள்ளியின் பையன்கள் இரவு படுக்கப் போன பிறகு எழுந்து தோட்டத்துக்குள் போனார்கள். இருட்டில் ஆளுக்கொரு பக்கம் நின்று உரக்க ஜெபித்தார்கள், அழுதார்கள். பள்ளியை நடத்திவந்த மருத்துவர் ஜோன் ஸ்கடருக்குச் செய்தி போயிற்று. அவர் பிள்ளைகளை வீட்டுக்குள் கூட்டிவந்து உட்கார வைத்தார். பாவத்திலிருந்து தப்ப நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவர்கள் அவரிடம் கேட்டது.

பண்டத்தரிப்பு மட்டுமல்ல. அந்த ஜனவரியில் தெல்லிப்பழைப் பள்ளியில் தொடங்கிய எழுப்புதல், சில வாரங்களுக்குள் உடுவில், வட்டுக்கோட்டை, மானிப்பாய் என்று மிஷன் நிலையங்கள் எல்லாவற்றையும் தொட்டுவிட்டது. தமிழ்ப் பிள்ளைகளிடையே கிறிஸ்தவ எழுப்புதல் பற்றி இவ்வளவு விவரமாக எழுதிவைக்கப்பட்ட பழைய நிகழ்ச்சிகள் அதிகமில்லை.

இதன் வேர் இன்னொரு மாணவர் கூட்டத்தில் இருக்கிறது. 1806 ஆகஸ்டில் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேர் வயல்வெளியில் ஜெபிக்கக் கூடியபோது இடிமழை பிடித்துக்கொண்டது. வைக்கோற்போர் ஒன்றின் அடியில் ஒதுங்கிய அவர்கள், கடல் கடந்து சுவிசேஷம் சொல்லப் போவதென்று அங்கேயே பேசி முடிவெடுத்தார்கள். நான்கு ஆண்டுகளில் அமெரிக்க மிஷன் சங்கம் உருவாக அந்தப் பேச்சு ஒரு காரணம். ஐவரில் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். நோயோடு போராடி 1822இல் தெல்லிப்பழையில் இறந்தார். அவர் எதற்காகக் கப்பலேறினாரோ அது அவர் இறந்து இரண்டு ஆண்டுகூட ஆகாமல், அதே தெல்லிப்பழையில் தொடங்கியது.

அந்தப் பிள்ளைகள் எந்த வீடுகளிலிருந்து வந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சைவ வேளாளக் குடும்பங்கள். தொடக்க நாள்களில் மிஷன் வீட்டில் சமைத்த சோற்றைத் தொடவே பையன்கள் மறுத்தார்கள். அவர்களுக்கென்று சைவச் சமையற்காரர் தனியே சமைத்துப் போட வேண்டியிருந்தது. இறைவனின் அருளைப் பற்றிச் சைவப் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, தேவாரம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். செய்த குற்றத்தை வாய்விட்டுச் சொல்லி, கூடப் படிப்பவன் பக்கத்தில் முழங்காலிட்டு, மன்னிக்கப்பட்டேன் என்ற உறுதியோடு எழுந்திருப்பதுதான் அவர்களுக்குப் புதிது. ஒருவன் அழுததைப் பார்த்து இன்னொருவன் அழுதான் என்று இதை எளிதாகத் தள்ளிவிடலாம். பன்னிரண்டு, பதினைந்து வயதில் மனசாட்சி எவ்வளவு கூர்மையாகக் குத்தும் என்பதை மறந்தவர்கள்தாம் அப்படித் தள்ளுவார்கள்.

மிஷனரிகள் அவசரப்படவில்லை, இதைப் பாராட்டியே ஆக வேண்டும். அழுத பிள்ளைகளை மறுவாரமே சபையில் சேர்த்துக் கணக்குக் காட்டியிருக்கலாம். ஏறக்குறைய ஓராண்டு பொறுத்தார்கள். கற்பித்தார்கள், நடத்தையைக் கவனித்தார்கள், பின்வாங்கியவர்களைப் போக விட்டார்கள். 1825 ஜனவரியில் சண்டிலிப்பாயில் பெருங்கூட்டத்தின் முன்னிலையில் 41 பேர் ஒரே நாளில் சபையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள்.

ஆனால் அந்த உறைவிடப் பள்ளி ஏற்பாட்டின் அடித்தளத்தில் ஒரு சிக்கல் இருந்தது. படிப்பு, சாப்பாடு, உடை எல்லாம் இலவசம். ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் யாரேனும் ஏற்றுக்கொண்டால், அந்தக் கொடையாளர் சொன்ன பெயர் பிள்ளைக்குச் சூட்டப்படும். இப்படித்தான் யாழ்ப்பாணத்தில் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் நடமாடினார்கள். இந்த இருவருமே 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ இதழின் ஆசிரியர்கள். உடுவில் பெண்கள் பள்ளியில் படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் குறையில்லை. இருந்தாலும் சோறும் பெயரும் சீதனமும் ஒரே கையிலிருந்து வரும்போது, விசுவாசம் எங்கே தொடங்குகிறது, நன்றிக்கடன் எங்கே முடிகிறது என்று அந்தப் பிள்ளைக்கே விளங்கியிருக்காது.

விளைவு பிறகு தெரிந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி தமிழறிவுலகத்துக்கு அள்ளிக் கொடுத்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார், பின்னாளில் சைவராக வாழ்ந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். வெஸ்லியன் மிஷனில் பீட்டர் பெர்சிவலோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கிறிஸ்தவப் பிரசங்க முறையை எடுத்துச் சைவ இளைஞருக்கே பிரசங்கித்தார். செமினரியில் படிப்பவர்கள் ஆங்கிலத்தையும் அரசாங்க உத்தியோகத்தையும் நாடுகிறார்கள், சபைக்கு வருகிறவர்கள் மிகச் சிலரே என்று கண்ட அமெரிக்கச் சங்கம், 1855இல் அதை மூடிவிட்டது.

இதைத் தோல்வி என்று எழுதி முடித்தவர்கள் உண்டு. அப்படி முடிப்பது சரியல்ல, ஏனென்றால் அடுத்த அலை வெளிநாட்டார் கணக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. உள்ளூர்ச் சபையார் முயன்று 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1884இல் அங்கே ஆசிரியராக இருந்த பிராங்க் சாண்டர்ஸ் என்ற இளம் அமெரிக்கர், மாணவர்களைக் கொண்டே ஒரு வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தை, அதாவது ஒய்.எம்.சி.ஏ.வை, அமைத்தார். 1844இல் லண்டன் துணிக்கடை ஊழியர் ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய இயக்கத்தின், ஆசியாவின் முதல் மாணவர் கிளையாக இதைத்தான் சொல்கிறார்கள். இங்கே நிர்வாகிகள் மாணவர்கள். ஜெபக்கூட்டத்தை நடத்தியதும் அவர்களே. எழுவைதீவில் ஒரு பள்ளியை நடத்தும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார்கள். தாத்தா தலைமுறை மிஷன் சோறு சாப்பிட்டது. பேரன் தலைமுறை கைக்காசு போட்டுத் தீவுப் பிள்ளைகளுக்கு வாத்தியார் வைத்தது.

1900ஆம் ஆண்டை ஒட்டி யாழ்ப்பாண மாணவர்கள் அந்நிய ஊழியச் சங்கம் ஒன்றை அமைத்து, பாக்கு நீரிணைக்கு அந்தக் கரையில் உள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1902இல் யாழ்ப்பாணம் வந்த ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் ஒருவர் இதைப் பார்த்து அசந்துபோனார். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர், வயது 28. வெள்ளைக்காரரை எதிர்பார்க்காமல் தமிழ் இளைஞர்கள் தாங்களே கடல் கடந்து ஆள் அனுப்ப முடியும் என்றால், அவ்வளவு பெரிய திருநெல்வேலித் திருச்சபை ஏன் சும்மா இருக்கிறது? ஊர் திரும்பியவர் பேசத் தொடங்கினார். 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அதன் ஊழியம் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லில் தொடங்கியது. 1912இல் அதே தோர்ணக்கல்லின் பேராயராக, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக, அசரியா அபிஷேகம் பெற்றார்.

வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் பலர் அந்தக் காலத்தில்தான் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் கிராணிகளாக, அதாவது எழுத்தர்களாக, சேர்ந்தார்கள். பெட்டியில் சான்றிதழோடு வேதாகமமும் பாமாலையும் வந்தன. 1885இல் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிஸ்ட் ஊழியம் தமிழரை எட்டியதற்கு யாழ்ப்பாணத்துப் போதகர்களும் இந்தக் கிராணிமாரும் பெரும் துணை. மலேசியத் தமிழ் மெதடிஸ்ட் சபைகளுக்கு இன்று தனி ஆண்டு மாநாடே இருக்கிறது.

அந்த மலேசியாவின் இன்றைய பிள்ளைகளுக்கும் இந்தப் பழைய கதை பொருந்தும். ஜொகூரின் தென்மேற்கு மூலையில் உள்ள கெலாங் பாத்தா 1998க்குப் பிறகு அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் திறந்தது, அதையடுத்துத் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் வந்தது. விடியுமுன் பாலம் தாண்டி வேலைக்குப் போய் இரவில் திரும்பும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு, பள்ளி விடுமுறையில் சபை நடத்தும் இளையோர் முகாம் உண்மையிலேயே ஓர் ஆறுதல். முகாமின் கடைசி இரவில் எத்தனை கைகள் உயர்ந்தன என்று எண்ணுவது ஊழியர்களுக்கு வழக்கம். சண்டிலிப்பாய்க்கு முன்னால் யாழ்ப்பாணத்தார் பொறுத்த அந்த ஓராண்டை அவர்கள் நினைவில் வைத்தால் நல்லது. மலேசியச் சட்டமும் பொறுக்கத்தான் சொல்கிறது. அரசமைப்பின் 11ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது; முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரமும் தருகிறது. 12ஆம் பிரிவோ, 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைத் தீர்மானிப்பவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்கிறது. ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளை ஜெபத்தில் அழுதால், ஊழியர் அடுத்துப் போக வேண்டியது அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு, அம்மா அப்பாவைப் பார்த்துப் பேச.