ஒரு கண் சிமிட்டலின் வரலாறு

போன மாரியில் எங்கட போடிங்கில் லைற் ஒருக்கா மங்கித் திரும்ப எரிஞ்சது. கண் சிமிட்டுற நேரம்தான். கொம்பியூட்டர் நிண்டுபோச்சு, பாதி எழுதின ஒப்படையும் போச்சு. முறைப்பாடு சொன்னால் "கரண்ட் போகேல்லையே" எண்டு பதில். போனது கரண்ட் இல்லை, அதின் தரம். அதை எப்படி நிரூபிக்கிறது?

விடை தேடி நாங்கள் 1807க்குப் போகவேண்டியிருந்தது. தையற்காரரின் மகன் ஜோசப் ஃபூரியே, பிரெஞ்சுப் புரட்சியில் சிறையிருந்தவர், நெப்போலியனோடு எகிப்துக்குப் போனவர். வெப்பம் பரவுவதை ஆராய்ந்தபோது, சிக்கலான வடிவங்களையும் எளிய சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்றார். லக்ராஞ்ச் அதை ஏற்கவில்லை. நூலாக வெளிவர 1822 ஆனது. இன்று 50 ஹேர்ட்ஸ் மின்னலையில் கலந்திருக்கும் 150, 250 ஹேர்ட்ஸ் கலப்படத்தைப் பிரித்துக் காட்டுவது அந்தக் கணக்குத்தான்.

ஆனால் கணக்கு பெரிசு. 1024 அளவீடுகளுக்கு நேரடியாகச் செய்தால் பத்து இலட்சத்துக்கு மேல் பெருக்கல்கள். 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட குறுக்குவழி அதைப் பத்தாயிரமளவுக்குக் குறைத்தது. அதற்குப் பின்னால் இருந்த தேவைகளில் ஒன்று, சோவியத்தின் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளை நில அதிர்வுப் பதிவுகளில் கண்டுபிடிப்பது. அதே சூட்சுமத்தை 1805 அளவிலேயே காவுஸ் சிறுகோள்களின் பாதையைக் கணிக்க எழுதிவைத்திருந்தார் என்பது பிறகுதான் பரவலாகத் தெரியவந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஃபூரியேயின் கணக்கு என்ன கலந்திருக்கு எண்டு சொல்லும், எப்ப கலந்தது எண்டு சொல்லாது. எங்கட லைற் மங்கினது போன்ற திடீர் இறக்கம் 10 மில்லிசெக்கனிலும் முடிந்துவிடலாம். இதற்குக் கைகொடுத்தது சிற்றலை முறை. எண்ணெய் தேடும் வேலையில், நில அதிர்வுப் பதிவுகளை வாசிக்க மோர்லே என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் உருவாக்கியது அது. குரொஸ்மனோடு சேர்ந்து 1984இல் அதற்குக் கணித அடித்தளம் போட்டார். 1990களில் மின்பொறியியலாளர்கள் அதைத் தங்கள் துறைக்குக் கொண்டுவந்தார்கள்.

வெப்பம், அணுகுண்டு, எண்ணெய். ஒண்டும் எங்களை நினைச்சுச் செய்ததில்லை. ஆனாலும் இன்று ஒரு அளவி, 230 வோல்ற் 207க்குக் கீழே எத்தனை மணிக்கு விழுந்தது, எவ்வளவு நேரம் கிடந்தது எண்டு எழுதிவைக்கும். கலைப்பீடத்தில் நாங்கள் இதை ஆவணம் என்போம். ஆவணம் இருக்கிற பக்கம்தான் "கரண்ட் போகேல்லையே" எண்ட பதிலை மறுக்கலாம். அந்த அளவி யாற்றை கையில இருக்கு எண்டதுதான் இப்ப எங்கட கேள்வி.