சைக்கிள் டயர் அளவுகள்

சைக்கிள் டயரின் பக்கவாட்டில் அச்சிடப்படும் எண்கள். பழைய அங்குலக் கணக்கு, காற்றடித்த டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகச் சொன்னது. டயரின் பருமன் மாறியபோதும் பெயர் மாறவில்லை. குழப்பம் அங்கே தொடங்கியது.

26 × 1.75, 26 × 1¾ இரண்டும் கணக்கில் ஒன்றே. ஆனால் தசம எண் போட்டது 559 மி.மீ. ரிம்முக்கு உரியது, பின்னம் போட்டது 571 மி.மீ. ரிம்முக்கு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது. 27 அங்குல டயரின் ரிம் 630 மி.மீ.; மலைச் சைக்கிளின் ‘29’ அங்குலத்துக்கோ 622 தான்! பந்தயச் சைக்கிள்களின் 700சி-யும் அதே 622.

700சி என்பது பிரெஞ்சு முறை. 700 என்பது மில்லிமீட்டரில் உத்தேச வெளிவிட்டம். ஏ, பி, சி எழுத்துகள் முதலில் டயரின் பருமனைக் குறித்தன. நம் ஊர்ப் பெரிய கறுப்பு சைக்கிளின் 28 × 1½ டயர், இம்முறையில் 700பி. ரிம் 635 மி.மீ.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பது ஐஎஸ்ஓ 5775 தரநிலை. அதன்படி 37-622 என்றால் டயரின் அகலம் 37 மி.மீ., டயர் விளிம்பு ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ. டயர் வாங்குபவர் இந்த இரண்டாம் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.