பள்ளி நூலகத்தில் குறிச்சொல்: வந்த வழியும் நின்ற இடமும்

பள்ளி நூலகத்தில் ஒரு நூல் எந்தத் தலைப்பின்கீழ் வரவேண்டும் என்று மாணவரிடம் யாரும் கேட்டதில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட பகுப்பு முறையும், சிறு நூலகங்களுக்கென மின்னி ஏர்ல் சியர்ஸ் 1923இல் தொகுத்த பொருள் தலைப்புப் பட்டியலும் அதைத் தீர்மானித்தன. இந்த ஒழுங்கு தந்த பயன் பெரிது. மாறும் வேகம்தான் குறைவு. சமையல் நூல்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வைத்திருந்த 'குக்கரி' என்ற தலைப்பு 'குக்கிங்' ஆனது 2010இல்தான்.

அதற்குள் வாசகர்களே பெயர் சூட்டத் தொடங்கியிருந்தார்கள். ஜோஷுவா ஷாக்டர் 2003இல் தொடங்கிய டெலிஷியஸ் தளம், அதுவரை ஒரே கணினிக்குள் முடங்கிக் கிடந்த புத்தகக்குறிகளை இணையத்தில் பொதுவில் வைத்தது. சேமிக்கும் சுட்டிக்கு விரும்பிய குறிச்சொற்களை இட முடிந்தது. அதே சொல்லின்கீழ் மற்றவர்கள் சேமித்ததையும் பார்க்க முடிந்தது. இந்த மக்கள் வகைப்பாட்டுக்கு 'ஃபோக்சானமி' என்று 2004இல் பெயரிட்டவர் தாமஸ் வாண்டர் வால். 2005இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் 'பென்டேக்ஸ்' என்ற சொந்த ஏற்பாட்டைச் செய்தது. அதில் இணையப் பக்கங்களோடு நூற்பட்டியல் பதிவுகளுக்கும் குறிச்சொல் இட முடிந்தது.

ஒரு நூலைப் பல கோணங்களில் அணுகலாம் என்ற எண்ணத்தைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இலேயே கோலன் பகுப்பு முறையாக வகுத்துவிட்டார். ஆனால் அங்கே கோணங்களை அடுக்குபவர் பயிற்சி பெற்ற நூலகர்.

வாசகர் குறிச்சொல் பள்ளிக்கு வந்தபோது அந்த நூலகரின் தேவை தெளிவாகத் தெரிந்தது. டெலிஷியஸில் அப்போது குறிச்சொல்லுக்குள் இடைவெளி விட முடியவில்லை. இரு சொற்களை ஒருவர் சேர்த்து எழுதுவார், ஒருவர் இடையில் கோடு போடுவார், இன்னொருவர் அடிக்கோடு போடுவார். ஒரே பாடத்தின் சுட்டிகள் மூன்று இடங்களில் சிதறும். தமிழில் இட்டாலும் 'கோயில்' ஓரிடம், 'கோவில்' வேறிடம். டெலிஷியஸைப் பற்றி ஆய்வாளர்கள் கோல்டரும் ஹூபர்மனும் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு சுட்டியை ஏறத்தாழ 100 பேர் சேமித்த பிறகு அதன் குறிச்சொற்களின் விகிதம் நிலைபெற்றுவிடுகிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் அந்தக் கூட்டம் ஏது? எனவே பாடத்திட்டப் பணி தொடங்கும்போதே நூலகரும் ஆசிரியரும் ஒரு பொதுக் குறிச்சொல்லை முடிவு செய்ய வேண்டும்; மற்ற சொற்களை மாணவர் விருப்பத்துக்கு விடலாம். பின்னர் வந்த டீகோ தளம், ஆசிரியரே வகுப்புக்குக் கணக்குகள் திறக்கவும், மாணவர்கள் இணையப் பக்கத்தின் வரிகளை வண்ணமிட்டுக் குறிப்பெழுதவும் வழி செய்தது. ஒரு பக்கத்தை ஏன் சேமித்தோம் என்று மாணவர் எழுதவேண்டிய அந்தச் சிறு குறிப்பே, குறிச்சொல்லைவிட மதிப்புள்ள கல்விப் பயிற்சி.

பெரிய நூலகங்களின் அனுபவமும் நூலகரின் தேவையையே காட்டுகிறது. காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் படப் பகிர்வுத் தளமான ஃப்ளிக்கரில் சுமார் 3,000 பழைய நிழற்படங்களை வைத்தது. பத்தே மாதங்களில் மக்கள் இட்ட குறிச்சொற்கள் 67,000ஐத் தாண்டின. ஆனால், மக்கள் தந்த தகவல்களை ஊழியர்கள் சரிபார்த்த பிறகே 500க்கும் மேற்பட்ட பதிவுகள் நூலகத்தின் சொந்தப் பட்டியலில் திருத்தம் பெற்றன.

டெலிஷியஸ் நீடிக்கவில்லை. 2005இல் யாஹூ வாங்கியது, 2011இல் கைமாறியது. 2017இல் பின்போர்டு வாங்கியதும் புதிய சுட்டி சேர்க்கும் வசதி நின்றது. ஆய்வாளர்களுக்கான கனோட்டியா 2013இலும் சைட்யூலைக் 2019இலும் மூடப்பட்டன. இலவசத் தளத்தை நம்பி ஆண்டுக்கணக்கில் சுட்டிகளைச் சேர்த்த பள்ளி, பிரதி எடுத்து வைக்காவிட்டால் இழப்பு பள்ளிக்கே.

நிலைத்திருப்பது நூலகத்தின் சொந்தப் பட்டியலுக்குள் குடியேறிய குறிச்சொல். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகத்துக்காக 1999இல் உருவாகத் தொடங்கிய கோஹா மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது. மாணவர் இடும் சொல்லை, நூலகர் ஒப்புதல் தரும்வரை நிறுத்தி வைக்கவும் அதில் முடியும். கோஹாவுக்கு உரிமக் கட்டணம் இல்லை. அதைப் பயன்படுத்தும் பள்ளிகள், அடுத்த பாடத்திட்டப் பணியை ஒரு வகுப்போடு இந்த வழியில் தொடங்கிப் பார்க்கலாம்.