ஒரு குமிழின் கதை: ஸ்பின்னரும் அதன் எண்ணிக்கையும்

பழைய வீடியோ கேம் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோரும் பேக்மேனில்தான் ஆரம்பிப்பார்கள். நான் ஒரு குமிழில் ஆரம்பிக்கிறேன். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டத் திருகுவோமே, பார்க்க அந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் எந்தப் பக்கம் எத்தனை சுற்று சுற்றினாலும் முட்டி நிற்காது. இதற்குப் பெயர் ஸ்பின்னர். வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி கட்டி விளையாடுகிறவர்கள் ஸ்பின்னர் வாங்கப் போனால் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு சுற்றுக்கு எத்தனை எண்ணிக்கை?" என்பதுதான். எண் பெரிதாக இருந்தால் சாமானும் உசத்தி என்று ஒரு நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் வந்தது ஸ்பின்னர் அல்ல

1972-ல் அட்டாரி வெளியிட்ட பாங் விளையாட்டில் ஆளுக்கு ஒரு குமிழ் இருந்தது. அதற்குள் இருந்தது பொட்டன்ஷியோமீட்டர், அதாவது பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருக்கும் அதே சாமான். குமிழ் ஒரு கோடியில் இருந்தால் மட்டையும் திரையின் ஒரு கோடியில் இருக்கும். மறுகோடிக்குத் திருகினால் மட்டையும் போகும். 1976-ல் வந்த பிரேக்கவுட்டும் இதே வழிதான். மலிவு, எளிது.

குறை இரண்டு. ஒன்று, உள்ளே உராய்கிற கார்பன் தடம் நாளாக ஆகத் தேயும், தூசி சேரும். பிறகு நீங்கள் கையை அசைக்காவிட்டாலும் மட்டை தானாக நடுங்கும். இரண்டு, அது ஓரளவுக்கு மேல் சுற்றாது. வட்டமாகச் சுற்றி வரும் ஒரு விளையாட்டை யாராவது யோசித்தால் இந்தக் குமிழ் உதவாது.

1977-ல் வீட்டுக்கு வந்த அட்டாரி 2600-ல் இரண்டு வகையும் இருந்தன. பேடில் என்பது பொட்டன்ஷியோமீட்டர். கார் பந்தயத்துக்கென்று வந்த டிரைவிங் கன்ட்ரோலர் வெளியே பார்க்க அதே மாதிரி இருந்தாலும், முடிவில்லாமல் சுற்றும். ஒரு முழுச் சுற்றுக்கு அது தந்த எண்ணிக்கை வெறும் 16. இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இண்டி 500 விளையாட்டில் காரைத் திருப்ப அந்த 16 போதுமானதாக இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இரண்டு கண்கள்

ஆர்கேட் ஸ்பின்னருக்குள் உரசித் தேய எதுவும் இல்லை. குமிழின் அச்சில் ஒரு தட்டு, தட்டின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள். ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளியை உணரும் கண். தட்டு சுற்றும்போது ஒளி விட்டு விட்டுத் தெரியும், அதை எண்ணினால் எவ்வளவு சுற்றியது என்று தெரிந்துவிடும். இதுதான் ஆப்டிகல் என்கோடர்.

ஆனால் ஒரு கண் இருந்தால் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரியாது. அதனால் இரண்டு கண்கள், ஒன்று மற்றொன்றுக்குக் கால் அடி பிந்தி இருக்கும்படி. வலப்பக்கம் சுற்றினால் முதல் கண் முந்தி ஒளியைப் பார்க்கும், இடப்பக்கம் என்றால் இரண்டாவது கண் முந்தும். இரண்டு கண்களும் சேர்ந்து ஒரு துளைக்கு நான்கு மாற்றங்களைத் தருகின்றன. இந்த நான்கையும் எண்ணலாம், ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு விடவும் செய்யலாம்.

விளம்பரத்தில் ஏமாறுகிற இடமும் இதுவே. 300 துளை உள்ள தட்டை ஒருவர் "300" என்று எழுதுவார், இன்னொருவர் நாலால் பெருக்கி "1200" என்று எழுதுவார். உள்ளே இருப்பது ஒரே தட்டு. ஆக, இரண்டு ஸ்பின்னர்களை ஒப்பிடும் முன் இரண்டு பேரும் ஒரே கணக்கில்தான் எண்ணுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

டெம்பஸ்ட்: 16 எண்களுக்குள் ஒரு உலகம்

1981-ல் அட்டாரியில் டேவ் தியூரர் உருவாக்கிய டெம்பஸ்ட் வந்தது. ஆழமான ஒரு குழி, அதன் விளிம்பில் நாம், உள்ளேயிருந்து ஏறி வருகிற எதிரிகள். முதலில் அவர் குழியையே சுழலும்படி செய்தாராம். பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியதால், குழியை நிறுத்திவிட்டு ஆடுபவரை விளிம்பில் ஓட விட்டார். ஓடுவதற்குத்தான் ஸ்பின்னர். கனமான குமிழ், ஒரு சுண்டு சுண்டினால் தானே சுற்றிக்கொண்டு போகும்.

அதன் என்கோடர் தட்டில் 72 பற்கள். ஏன் 720 இல்லை? பலகைக்குள் பார்த்தால் புரியும். ஸ்பின்னர் எங்கே இருக்கிறது என்பதை டெம்பஸ்ட் 4 பிட்டில்தான் படிக்கிறது. அதாவது 0 முதல் 15 வரை, மொத்தம் 16 எண்கள். 15-க்குப் பிறகு மறுபடி 0. பதினாறு மணி காட்டும் ஒரு கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராம் அதை அடிக்கடி எட்டிப் பார்த்து, முந்தைய தடவைக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்று கணக்கிடும். முள் 3 நகர்ந்திருந்தால் முன்னால் 3. ஆனால் இரண்டு பார்வைக்கு நடுவில் முள் 10 நகர்ந்துவிட்டால்? அது பின்னால் 6 போனது மாதிரியும் தெரியும். குழப்பம் வந்தால் புரோகிராம் கிட்டத்து வழியையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் வலப்பக்கம் வேகமாகச் சுழற்றுவீர்கள், திரையில் ஆள் இடப்பக்கம் ஓடுவான்! சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரியுமே, அதே கதை.

ஆகவே தட்டின் பற்களும், 4 பிட் எண்ணும், புரோகிராம் எட்டிப் பார்க்கிற வேகமும், மனிதக் கை சுழற்றும் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இதில் ஒன்றை மட்டும் எடுத்து "உயர்த்தினால்" விளையாட்டு உயராது, கெடும்.

அடுத்த ஆண்டு, 1982-ல் பாலி மிட்வே வெளியிட்ட டிரான் ஒரு கைக்கு ஜாய்ஸ்டிக், மறு கைக்கு ஸ்பின்னர் என்று கொடுத்தது. 1983-ல் டிஸ்க்ஸ் ஆஃப் டிரானில் அதே குமிழை மேலே இழுக்கவும் கீழே அழுத்தவும் முடிந்தது.

அர்க்கனாய்டு: எதிர்ப்பக்கம்

1986-ல் டைட்டோவின் அர்க்கனாய்டு நேர் எதிரானதைக் கேட்டது. இங்கே பந்து மட்டையில் எந்த இடத்தில் படுகிறது என்பதைப் பொறுத்து அது திரும்பும் கோணம் மாறும். மயிரிழை வித்தியாசம் முக்கியம். அதனால் குமிழுக்கும் என்கோடருக்கும் நடுவில் பல்சக்கரம் வைத்து, கை கொஞ்சம் திரும்பினாலும் தட்டு பல மடங்கு சுற்றும்படி செய்தார்கள். ஒரு சுற்றுக்கு எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போனது. சுண்டி விட்டு ஆடும் குமிழ் அல்ல இது. விரல் நுனியில் பிடித்து மெல்ல நகர்த்தும் குமிழ்.

டெம்பஸ்ட்டும் அர்க்கனாய்டும் "ஸ்பின்னர் விளையாட்டு" என்ற ஒரே பெயருக்குள் அடங்கினாலும், கேட்கிற கை வேறு வேறு.

வீட்டுக்கு வந்தபோது

வீட்டுக்கு வந்த அர்க்கனாய்டுக்கு நின்டெண்டோ இயந்திரத்தில் தனிக் குமிழ் கொடுத்தார்கள். உள்ளே மறுபடி பொட்டன்ஷியோமீட்டர்தான். 1994-ல் அட்டாரி ஜாகுவாரில் ஜெஃப் மின்டர் செய்த டெம்பஸ்ட் 2000 வந்தது. சுழல் குமிழுக்கான வசதி புரோகிராமுக்குள் ஒளிந்திருந்தது, ஆனால் அந்தக் குமிழை அட்டாரி விற்கவே இல்லை. ரசிகர்கள் விடுவார்களா? 2600-இன் பழைய டிரைவிங் கன்ட்ரோலரைப் பிரித்து ஜாகுவார் கன்ட்ரோலரோடு இணைத்தார்கள். 16 எண்ணிக்கை காருக்குப் போதும், டெம்பஸ்ட்டுக்குப் போதாது. அதனால் சிலர் நுண்ணிய என்கோடருக்கு மாறினார்கள்.

1997-ல் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய மேம் எமுலேட்டர் வந்த பிறகு இது ஒரு தனி உலகமாயிற்று. ஆரம்பத்தில் எல்லோருக்கும் கைகொடுத்தது பழைய உருண்டை மவுஸ். அதற்குள் இருப்பதும் துளையிட்ட இரண்டு சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண்கள். உருண்டையை எடுத்துவிட்டு ஒரு சக்கரத்தைக் குமிழோடு இணைத்தால் ஸ்பின்னர் ரெடி! பிறகு அல்டிமார்க்கின் ஸ்பின்டிராக், குரூவி கேம் கியரின் டர்போ ட்விஸ்ட் என்று தயார் ஸ்பின்னர்கள் விற்பனைக்கு வந்தன. எண்ணிக்கை 1000-ஐத் தாண்டியது.

சரி, எதை வாங்குவது?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். விளையாட்டு ஒரு சுற்றுக்கு 72 எதிர்பார்க்கிறது, நம் ஸ்பின்னர் 1200 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேமில் சென்சிட்டிவிட்டியை 6% ஆக்கினால் சமமாகிவிடும். ஆக்காமல் விட்டால் மேலே சொன்ன பின்னோட்டம் வரும். 6-க்குப் பதில் 7 வைத்தாலே வேகம் ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். அளவு பார்த்து வைக்க வேண்டும்.

இப்போது தலைகீழாக. விளையாட்டு 500 கேட்கிறது, மவுஸ் சக்கரம் 100 தான் தருகிறது. 500% வைத்தால் சுற்று சரியாகும், ஆனால் மட்டை 5 புள்ளி 5 புள்ளியாகத் தாவும். இடையில் உள்ள 4 இடங்கள் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அதிகமாக இருப்பதைக் குறைத்துக்கொள்ளலாம், இல்லாததை உண்டாக்க முடியாது. பெரிய எண்ணுக்கு உள்ள நியாயம் இவ்வளவுதான்.

அதற்கும் ஒரு எல்லை உண்டு. சாதாரண யூ.எஸ்.பி மவுஸ் நொடிக்கு 125 தடவை செய்தி அனுப்பும், ஒரு செய்தியில் அதிகபட்சம் 127 எண்ணிக்கை. பெருக்கினால் நொடிக்கு 15,875. 1200 எண்ணிக்கை உள்ள ஸ்பின்னர் இந்த வழியில் வந்தால், நொடிக்கு 13 சுற்றுக்கு மேல் போனதும் எண்ணிக்கை இழக்கத் தொடங்கும். எண்ணிக்கை இதைவிடக் கூடக் கூட அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வரும்.

என் முடிவு இது: அர்க்கனாய்டு ஆடுகிறவர் எண்ணிக்கையைப் பாருங்கள். டெம்பஸ்ட் ஆடுகிறவர் குமிழின் கனத்தையும் பேரிங்கையும் பாருங்கள். 72 பல் போதும் என்று இருந்த விளையாட்டுக்கு 1200 ஒன்றும் கூடுதலாகத் தராது.

இதில் பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய விளையாட்டுகளின் ரோம் சிப்பை ஒரு பிட் பிசகாமல் நகலெடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள். பெரிய சேவைதான். ஆனால் 72 பல் தட்டும், கனமான குமிழும், பல்சக்கரமும் எந்த ரோமிலும் இல்லை. நம்மில் பலர் டெம்பஸ்ட்டைக் கீபோர்டில் ஆடிப் பார்த்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது?" என்று மூடியிருப்போம். பாதி விளையாட்டைத்தான் பார்த்தோம். மீதிப் பாதி அந்தக் குமிழில் இருந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிக் குப்பைக்குப் போகும்போது, எத்தனை பல், எவ்வளவு கனம், எத்தனை மடங்கு பல்சக்கரம் என்று எழுதி வைக்கிற ஆட்கள் சிப்பை நகலெடுத்தவர்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவர்கள் இல்லை. உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது அப்படி ஒரு பழைய பெட்டி இருந்தால், தூக்கிப் போடும் முன் குமிழைக் கழற்றிப் பற்களை எண்ணிக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.