கூழைக்கடாவின் குருதி

விலங்குகளின் இயல்பில் இறையருளைத் தேடிய கிறித்தவ மரபுக்கு ஊற்றாக அமைந்தது, கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டுக்குள் கிரேக்க மொழியில் தொகுக்கப்பட்ட 'பிசியோலோகஸ்' என்னும் நூலாகும். தன்னைத் தாக்கிய குஞ்சுகளைக் கொன்றுவிடும் கூழைக்கடா, மூன்றாம் நாள் தன் விலாவைக் கீறிச் சிந்தும் குருதியால் அவற்றை உயிர்ப்பிப்பதாக அந்நூல் கூறி, அதனைக் கிறிஸ்துவின் சிலுவைப்பாட்டுக்கு உவமையாக்கியது. தகுதியற்றோருக்கும் அருளப்படும் இறைத்தயவாகிய கிருபையை எழுத்தறியாதோருக்கும் உணர்த்த இதைவிட வலிய கதை கிடைப்பது அரிது. குஞ்சுகள் பெற்றோரின் தொண்டைப்பைக்குள் அலகை நுழைத்து மீன் உண்பதை அறிந்தோர் மட்டுமே அதை ஐயுற்றிருக்கக்கூடும். இங்கிலாந்தில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பெருகிய, 'பெஸ்டியரி' எனப்படும் ஓவிய விலங்கு நூல்களின் வழியே பரவிய இவ்வுருவம், 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் முகப்பிலும் இடம்பெற்றது. தாமஸ் பிரவுன் என்னும் மருத்துவர் 1646இல் இக்கதையை மக்களிடையே நிலவும் பிழைகளுள் ஒன்றாக எடுத்து ஆராய்ந்தபோதும், தேவாலயச் சிற்பிகள் அதைக் கைவிடவில்லை.